பதினேழரை அங்குல இடம்

லோஜினியின் அப்பா பதினேழரை அங்குல அகலம். ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை. இதில் சந்தேகமே வேண்டாம், அவளே அளந்தாள்.

அளந்தது அப்பாவை அல்ல, அப்பாவின் சட்டையை. நான்கு வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து புறப்பட்டபோது மூன்று பேருக்கும் ஒரே வழி கிடைக்கவில்லை. அம்மாவும் ஆறு வயது லோஜினியும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா போன வழி அவரைப் பரிஸில் கொண்டுபோய் விட்டது. பெட்டி அடுக்கிய அவசரத்தில் அவருடைய நீலக் கோடு போட்ட சேட் ஒன்று அம்மாவின் பெட்டிக்குள் வந்துவிட்டது. ரெய்னர்ஸ் லேனில் அவர்கள் இருக்கும் மாடி வீட்டு அலுமாரியில் அது இன்னமும் தொங்குகிறது.

லண்டனிலிருந்து பரிஸுக்கு ரயிலில் இரண்டேகால் மணித்தியாலம்தான். லோஜினியின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் போய்வந்து கதை அளந்துவிட்டார்கள். ஆனால் அப்பாவுக்கு இங்கே வர அனுமதி இல்லை. அம்மாவுக்கும் லோஜினிக்கும் வெளிநாடு போவதற்கான பத்திரம் இன்னும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரம் பார்த்து அம்மா வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

திங்கட்கிழமைகளில் அப்பாவுக்கு உணவகத்தில் லீவு. அன்றைக்குத்தான் போன் வரும்.

"பெரியப்பா ஆக்கள் ஜேர்மனியிலயிருந்து வருகினமாம். லண்டனைச் சுத்திப் பாக்கப் போறியளாம்" என்றார் அப்பா.

"ஓம் அப்பா. நாலு வருஷமா லண்டனில இருக்கிறன். லண்டனில என்ன இருக்கெண்டு இப்பத்தான் பாக்கப் போறன்."

"அப்ப எனக்கு ஒரு வேலை செய்வியோ? இஞ்ச தமிழ்க் கடைத்தெருவில பெனடிக்ற் எண்டு ஒருத்தர் ஸ்ரூடியோ வைச்சிருக்கிறார். படத்தில இல்லாத ஆக்களைக் கொண்டுவந்து சேர்த்து விடுவார். போன மாசம் ஒரு கலியாணப் படத்தில, கனடாவில இருக்கிற தாய் தேப்பனை மேடையில ஏத்தி விட்டவர். விசாவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை."

லோஜினி சிரித்தாள்.

"என்ர படத்தை நான் முந்தியே எடுத்து அவரிட்டக் குடுத்து வைச்சிட்டன். நீயும் அம்மாவும் நடுவில எனக்கு இடம் விட்டு நிண்டால் போதும். பின்னால அந்தப் பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் தெரியவேணும். நீ எனக்குக் கிட்ட நில்லு, என்ன?"

"படத்தில எப்பிடி நிண்டனீங்கள்? சிரிச்சனீங்களோ?"

"அது படம் வரேக்க பார்."

மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் படம் அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒன்றிரண்டும் வந்த வழியில் தொலைந்துபோயின. அப்பாவுக்கு அனுப்பியவை எல்லாம் லோஜினியின் பள்ளிக்கூடப் படங்கள். அவற்றில் கழுத்துக்கு மேலேதான் பிள்ளை இருக்கும்.

அன்றைக்கே அவள் அந்தச் சட்டையைக் கட்டிலில் விரித்து, தோள் அளவுக்குச் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றை வெட்டி எடுத்தாள். இடம் விடுவதென்றால் சரியாக விட வேண்டும் அல்லவா? கூடிப்போனால் அப்பா தனியாக நிற்பதுபோல் இருக்கும். குறைந்துபோனால் ரயிலுக்குள் நெரிபடுவதுபோல் இருக்கும்.

பெரியப்பா ஜீவரத்தினமும் பெரியம்மா நகுலேஸ்வரியும் ஆகஸ்ட் மாதம் டோர்ட்முண்டிலிருந்து தங்கள் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். பெரியம்மா அம்மாவின் அக்கா. லண்டன் கடைகளில் வாங்கப்போகும் சேலைகளுக்கும் அரிசி மூட்டைக்கும் மாம்பழப் பெட்டிக்கும் இடம் வேண்டும் என்று வானின் பின்பக்கத்தை வெறுமையாக வைத்திருந்தார்கள். திரும்பும்போது பரிஸ் வழியாகப் போவதாகத் திட்டம்.

"படத்தை நானே உன்ர அப்பாட கையில குடுப்பன். ஒண்டுக்கும் யோசியாத" என்று பெரியப்பா வாக்குக் கொடுத்தார்.

பெரியப்பா எதையும் கணக்குப் பார்த்துச் செய்கிற மனிதர். புதன்கிழமை காலை ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். "பதினாலு இடம். எட்டு மணித்தியாலம். ஒரு இடத்துக்கு முப்பத்திநாலு நிமிஷம். ஆரும் பிந்தக் கூடாது."

"சாப்பாட்டுக்கு எத்தினை நிமிஷம்?" என்று பெரியம்மா கேட்டார். அவர் கையில் ஒரு பெரிய பையில் இடியப்பம், சம்பல், ஃபிளாஸ்க் நிறையத் தேங்காய்ப்பால் சொதி. லண்டனைப் பார்க்கச் சுடச்சுடச் சொதியோடு புறப்பட்ட சுற்றுலாப் பயணிகள் அன்றைக்கு அவர்கள் மட்டுமாகத்தான் இருந்திருப்பார்கள். அம்மா ஒரு நாள் லீவு எடுத்திருந்தார். அந்த ஒரு நாளுக்காக அவர் தான் வேலை செய்யும் கடையில் இரண்டு ஞாயிறு கூடுதலாக நின்றது லோஜினிக்குத் தெரியும்.

முதலில் ட்ரபால்கர் சதுக்கத்துச் சிங்கங்கள். லோஜினியும் அம்மாவும் சிங்கத்தின் முன்னால் நின்று, நூலின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்து அளவு பார்த்தார்கள். பிறகு நூலை மெதுவாகச் சுருட்டிக்கொண்டார்கள்.

பெரியப்பா கமராவைத் தாழ்த்தினார். "என்ன, தாயும் மகளும் சண்டையோ? கிட்ட நில்லுங்கோவன்."

"அது அப்பாட இடம் பெரியப்பா. பரிஸில ஒட்டுவினம்" என்று லோஜினி விளக்கினாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா விரல் மடித்து எண்ணினார். "நீ, அம்மா, அப்பா. மூண்டு பேர்." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து இடைவெளிக்குள் புகுந்துவிட்டார். "மூண்டு பேர் நிண்டு படம் எடுக்கக் கூடாது பிள்ளை. ஆக்களைப் பிரிச்சுப் போடும். நான் நாலாவதா நிக்கிறன். இஞ்சருங்கோ, எடுங்கோ."

"பெரியம்மா, நீங்கள் அப்பாட இடத்தில நிக்கிறியள்."

"அப்பாவை என்ர மற்றப் பக்கத்தில ஒட்டச் சொல்லு."

மற்றப் பக்கத்தில் அப்பாவுக்கு இடம் எங்கே? பெரியம்மா பதினேழரை அங்குலத்துக்குள் அடங்குகிற ஆள் இல்லை. லோஜினி வாய் திறக்கப் போனாள். அம்மா கண்ணால் வேண்டாம் என்றார். தூரத்திலிருந்து ஆசையாக வந்திருக்கிறார்கள், முகம் கோண வைக்கக் கூடாது.

இரட்டைக் கோபுரப் பாலத்தில் பெரியம்மா வந்து நின்றார். அரண்மனை வாசலில் பெரியம்மா வந்து நின்றார். எங்கே நூலை விரித்தாலும், "மூண்டு பேர் கூடாது" என்றபடி ஓடி வந்தார். ஒவ்வொரு முறையும் லோஜினி நூலைச் சுருட்டிக்கொண்டாள். பெரியம்மா அப்பாவைத் தள்ளிவிட்டு நிற்கவில்லை, அப்பாவுக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் நிற்கிறார். அதனால் கோபப்படவும் முடியவில்லை. பரவாயில்லை, அப்பா கேட்டது மணிக்கூட்டுக் கோபுரம்தானே, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அரண்மனைக்குப் பக்கத்துப் பூங்காவில் புல்லில் அமர்ந்து சாப்பிட்டார்கள். ஓர் அணில் வந்து பெரியம்மாவின் தட்டிலிருந்து இடியப்பத்தை இழுத்தது. ஜேர்மனியில் இப்படி ஓர் அணிலைப் பார்த்ததே இல்லை என்று பெரியப்பா அதை முன்னால், பின்னால், சாப்பிடும்போது, சாப்பிட்ட பிறகு என்று இருபத்திரண்டு படம் எடுத்தார். அந்த இடத்தில் மட்டும் அவருடைய முப்பத்திநாலு நிமிடக் கணக்கு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

பின்னேரம் வெஸ்ட்மின்ஸ்டருக்கு நடந்தார்கள். பாராளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் புல்வெளிச் சதுக்கம் வந்தபோது அம்மாவின் நடை தளர்ந்தது.

அந்த 2009 ஏப்ரலில் அம்மாவும் அவளும் இங்கே வந்திருந்தார்கள். இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த நேரம். அன்றைக்கு இந்த இடம் முழுக்கத் தமிழ்ச் சனம். பதாகைகள், கோஷங்கள், அழுகை. அம்மா அவள் கையை விடவே இல்லை. தலைக்கு மேலே மணிக்கூடு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இன்றைக்கு அங்கே வெயிலும் புல்லும் நாலைந்து புறாக்களும் இருந்தன. அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வா பிள்ளை" என்றார்.

பக்கத்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய இராட்டினம், இந்தப் பக்கம் மணிக்கூட்டுக் கோபுரம். லோஜினி நூலை விரித்தாள். அம்மா ஒரு முனையைப் பிடித்தார். எதிர்பார்த்தபடியே பெரியம்மா கைப்பையைத் தோளில் ஏற்றினார்.

"பெரியம்மா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் லோஜினி. "மூண்டு பேர் நிண்டால் பிரிஞ்சு போவம் எண்டு சொல்லுறியள். நாங்கள் இப்பவே பிரிஞ்சுதானே இருக்கிறம். எனக்கு நாங்கள் மூண்டு பேர் மட்டும் நிக்கிற படம் ஒண்டு வேணும். ஒண்டே ஒண்டு."

பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"ஓமடி பிள்ளை, நான் அதை யோசிக்கேல்லை" என்றார் பெரியம்மா மெல்லமாக. இரண்டு அடி பின்னால் போய், கைப்பிடிச் சுவரோடு ஒதுங்கி நின்றார்.

பெரியப்பா கமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். கமரா ஒரு சின்னச் சத்தம் போட்டு, மூக்கை உள்ளே இழுத்து, இருண்டுபோனது.

அவர் தட்டினார், ஊதினார், மறுபடி அமுக்கினார். "பற்றறி முடிஞ்சுது" என்றார் கடைசியில்.

"அணிலுக்கு இருபத்திரண்டு படம்" என்று பெரியம்மா முணுமுணுத்தார்.

சார்ஜர் ரெய்னர்ஸ் லேனில் இருந்தது. விடிந்தால் வான் புறப்படும். விடிந்தால் அம்மாவுக்கு வேலை. இன்னொரு நாள் என்று ஒன்று இல்லை. லோஜினி நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். யாரும் அவளுடைய முகத்தைப் பார்க்காதபடி ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண்மணி தனியாக நின்றார். சின்னக் கமரா ஒன்றைக் கை நீட்டித் தன் பக்கம் திருப்பிப் பிடித்துத் தன்னையே படம் எடுக்கப் பார்த்தார். அமுக்குவார், பார்ப்பார், தலையை ஆட்டுவார். ஒரு படத்தில் தொப்பி மட்டும், இன்னொன்றில் நாடி மட்டும்.

தன் படம் போய்விட்டது, அவருடையதாவது சரியாக வரட்டும் என்று லோஜினிக்குத் தோன்றியது. கிட்டப் போய், "நான் எடுத்துத் தரட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பெண்மணி மகிழ்ச்சியோடு கமராவைக் கொடுத்தார். லோஜினி அவரைக் கோபுரத்துக்கு முன்னால் நிற்கவைத்து, கவனமாகப் பார்த்து, அமுக்கினாள்.

படத்தைப் பார்த்த பெண்மணி சிரித்தார். அவர் ஓர் ஓரத்தில் நின்றார். பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. காலையிலிருந்து பழகிய கண் அப்படித்தான் பார்த்திருந்தது.

"இங்கே யார் வந்து நிற்கப் போகிறார்கள்?" என்று அவர் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார். அவர் போர்த்துக்கலிலிருந்து வந்தவர்.

லோஜினி நூலைக் காட்டினாள். அப்பாவைப் பற்றி, பரிஸைப் பற்றி, இருண்டுபோன கமராவைப் பற்றிச் சொன்னாள். அவர் நூலை வாங்கி இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

மறுபடி ஒரு படம் எடுத்துவிட்டுக் கமராவைத் திருப்பிக் கொடுத்தபோது, அதன் அடியில் ஒரு சின்னக் கதவு இருப்பதை லோஜினி கண்டாள். காலையில் பெரியப்பா தன் கமராவின் அடியில் அதேபோல் ஒரு கதவைத் திறந்து மெமரி கார்டைப் போட்டது நினைவுக்கு வந்தது.

"பெரியப்பா" என்று கூப்பிட்டாள். "முடிஞ்சது பற்றறிதானே? கார்ட்டுக்கு ஒண்டுமில்லையே? எங்கட கார்ட்டை இவவின்ர கமராவுக்குள்ள போட்டால் என்ன?"

பெரியப்பா தன் கமராவின் அடியைத் திருப்பிப் பார்த்தார். கணக்கில் இப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவில்லை. லோஜினி பெண்மணியிடம் கேட்டாள். அவர் ஒரு நொடியும் யோசிக்காமல் தன் கார்டை எடுத்துப் பணப்பைக்குள் பத்திரப்படுத்தினார். பெரியப்பாவின் கார்ட் பொருந்தியது.

மறுபடி நூல். மறுபடி இடம். ஆனால் இப்போது பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. அமுக்கப் போகும் நேரம் பார்த்து ஐஸ்கிரீமோடு ஒருவர் இடைவெளிக்குள் வந்து நின்று கோபுரத்தை ரசித்தார். அவர் போக, இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தள்ளுவண்டி.

லோஜினி சுற்றிப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரோடு பெரியம்மா இன்னமும் ஒதுங்கியே நின்றார். முகம் சுருங்கியிருந்தது. லோஜினி ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, அப்பாட இடத்துக்குள்ள ஆக்கள் வந்துகொண்டே இருக்கினம். மறிச்சுப் பிடிப்பியளோ? உங்களாலதான் ஏலும்."

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. ஊதாச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகினார். கைப்பையைக் கையில் பிடித்தார். நடைபாதையின் நடுவே போய் இரண்டு கைகளையும் விரித்து, "ஹால்ட்" என்றார் ஜேர்மன் மொழியில். அது எந்த நாட்டுச் சட்டம் என்று தெரியாமலே எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்றார். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வரிசையாக நின்றது.

மேலே மணிக்கூடு நான்கு அடிக்கத் தொடங்கியது. அம்மா ஒரு பக்கம், லோஜினி மற்றப் பக்கம், நடுவில் பதினேழரை அங்குலம். அந்த இடத்தில் காற்று மட்டும் நின்றது. மஞ்சள் தொப்பிப் பெண்மணி அமுக்கினார்.

எல்லாரும் ஓடி வந்து கமராத் திரையை எட்டிப் பார்த்தார்கள். கோபுரம் இருந்தது, அம்மா இருந்தார், லோஜினி இருந்தாள், இடம் இருந்தது. படத்தின் ஓரத்தில் நீண்ட ஒரு கையும் ஆடிக்கொண்டிருந்த ஒரு கைப்பையும் இருந்தன.

"ஐயோ, என்ர கை விழுந்திட்டுது" என்றார் பெரியம்மா. பிறகு விரல் மடித்து எண்ணினார். "அப்ப நாலு பேர். இனிப் பிழையில்லை."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்து லோஜினிக்குச் சிரிப்பு வந்தது. கை மட்டும்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் வான் புறப்பட்டது. பின்பக்கம் அரிசி மூட்டையும் சேலைப் பெட்டிகளும் மாம்பழமும். நடுவில் ஓர் இருக்கை மட்டும் வெறுமையாக இருந்தது. யன்னல் ஓர இருக்கை. லோஜினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறி இருந்தால் பின்னேரம் அப்பாவிடம் போய்விடலாம். கார்ட் போகலாம், மாம்பழம் போகலாம், அவள் போக முடியாது. அவளுக்கு அழவேண்டும்போல் இருந்தது, கொஞ்சம் அழுதாள். அம்மாவும் அவளைத் தடுக்கவில்லை. பெரியம்மா யன்னலால் கை நீட்டி அவள் தலையைத் தடவினார். வான் தெருமுனையில் திரும்பியது.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரத்தில், வாசல் பக்கம் வேலையாக இருந்த அம்மா ஒரு பெரிய உறையோடு ஓடி வந்தார். பத்திரம் இல்லை. பிரெஞ்சு முத்திரை ஒட்டிய உறை.

உள்ளே படம். மணிக்கூட்டுக் கோபுரம், நான்கு மணி. அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் அப்பா. யாருடையதோ ஒரு கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். இடம் அளவாக இருந்தது. அவருடைய ஒரு கை லோஜினியின் வலது தோளில் இருந்தது.

போன் அடித்தது. அப்பாதான்.

"படம் வந்ததோ பிள்ளை?"

"வந்தது அப்பா. தோளில கை வைச்சிருக்கிறியள். நல்லா இருக்கு."

"நான் தோளில வைக்கேல்லையம்மா. ஸ்ரூடியோவில நிண்டு, உன்ர தலை இந்த உயரத்தில இருக்கும் எண்டு நினைச்சு வைச்சனான். பெனடிக்ற் கொண்டுபோய் ஒட்டினால் அது தோளில வந்து நிக்குது." அவருடைய குரல் கரகரத்தது. "நீ எப்ப இவ்வளவு வளர்ந்தனீ?"

லோஜினி மேசையில் கிடந்த சிவப்பு நூலை எடுத்து, தோளிலிருந்து தலை உச்சி வரை பிடித்துப் பார்த்தாள்.

"உங்கட அகலத்தில அரைவாசிக்குக் கொஞ்சம் கூட அப்பா" என்றாள்.

அப்பா சிரித்தார். அழுதாரோ தெரியாது, சிரித்ததுதான் கேட்டது. "இனி வளர்ந்தால் எனக்குச் சொல்லிப்போட்டு வளர்" என்றார்.

"ஓம் அப்பா."

அடுத்த நாள் காலை லோஜினி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, பையை வழக்கம்போல வலது தோளில் மாட்டப் போனாள். பிறகு நினைத்துப் பார்த்து, மற்றத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.